அக்கரைக்கு மட்டும் அக்கறை

இரக்கமே இல்லாதவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், வாசகரே. அவர்களை விட்டுவிடுவோம். இன்றைக்கு நான் உங்களுக்குக் காட்டப்போவது இரக்கம் பொங்கி வழிகிற ஓர் இனத்தை. இவர்களிடம் இரக்கத்துக்குக் குறைவே கிடையாது. ஆனால் அது விமானம் ஏறி, கடல் தாண்டி, அந்நிய மண்ணில் இறங்கி, கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த பிறகுதான் வேலை செய்ய ஆரம்பிக்கும். உள்ளூரில் சிக்னல் கிடைக்காது. இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அக்கரை அக்கறைக்காரர். ஒரு சொல்லில் இடையின ர, இன்னொன்றில் வல்லின ற. அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய உலக வரைபடம் ஒன்று தொங்கும். கண்டம் கண்டமாகச் சிவப்புக் குண்டூசிகள் குத்தியிருக்கும். சொந்த ஊர் எங்கே என்று தேடினால் தெரியாது. வரைபடத்தை மாட்டிய ஆணி அந்த இடத்தில்தான் அறையப்பட்டிருக்கும். பேச்சை வைத்தும் கண்டுபிடிக்கலாம். "அந்தத் தேசத்தைக் குறிச்சு எனக்கு ஒரு பாரம் இருக்கு" என்பார்கள். சமையல் எரிவாயு உருளையை உள்ளே தூக்கி வைக்க ஆள் தேடும்போது, அந்தப் பாரத்தில் மட்டும் இவர்களுக்குப் பங்கு இருக்காது. விசா கிடைத்தால் "ஆண்டவர் வாசலைத் திறந்தார்." கிடைக்காவிட்டால் "சத்துரு தடுத்தான்." சத்துரு என்பது தூதரகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு களைத்த குமாஸ்தா.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் அக்காவின் கணவர். எனக்கு அத்தான். தொழில், பல் டாக்டர்.

பல் டாக்டர் என்பதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்ற அக்கறைக்காரர்கள் ஊழியத்துக்கு ஆள் சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். அத்தானுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆட்கள் தாங்களாகவே வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். திறந்த வாயால் மறுப்புச் சொல்ல முடியாது. வாயின் ஓரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டிவிட்டு அத்தான் ஆரம்பிப்பார். கடல் தாண்டி ஒரு சிறுவர் இல்லம் இருக்கிறது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், பாவம், பல் தேய்க்கக்கூட யாரும் சொல்லித் தந்ததில்லை, அவர்களுக்காக நீங்கள் ஜெபிப்பீர்களா என்று கேட்பார். நோயாளி "ஆ" என்பார். மறக்க மாட்டீர்களே? "ஆ." எங்களோடு ஒருமுறை வந்து பார்க்க ஆசையா? "ஆ, ஆ." இரண்டாவது ஆ வலியினால் வந்தது. ஆனாலும் ஓய்வு பெற்ற ஒரு தபால் அதிகாரி இப்படித்தான் குழுவில் சேர்ந்தார். நல்ல கேமரா ஒன்று வைத்திருந்ததால் அவருக்குக் கேமரா மாமா என்று பெயர் வந்தது. அந்த ஆவுக்கு அர்த்தம் என்ன என்று நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். ஈறில் ஊசி குத்தியது என்றார். பிறகு, "பரவாயில்ல, பொழுது போகுது" என்றார்.

நான் எப்படிச் சேர்ந்தேன் என்று கேட்கிறீர்களா? நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். கோயிலுக்குள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போகிறவன். அந்த வருடம் குழுவில் பொம்மலாட்டம் நடத்த வேண்டியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று விமானக் கம்பெனி சொல்லிவிட்டது. அத்தான் என்னைக் கூப்பிட்டு, ஆண்டவர் எனக்காக ஒரு வாசலைத் திறந்திருக்கிறார் என்று அறிவித்தார். என் வலது கையில் ஓர் ஆட்டுக்குட்டிப் பொம்மை உறையை மாட்டினார்கள். அவ்வளவுதான் என் அழைப்பு.

இனி அக்காவின் பல்லுக்கு வருவோம்.

அக்காவுக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. பிறகு சுடுதண்ணீர் பட்டாலும் கூசியது. பிறகு எதுவும் படாமலேயே வலித்தது. அவள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னால் அத்தான், "நாளைக்குக் கிளினிக் பக்கம் வா, பார்த்துடலாம்" என்பார். கிளினிக்குக்குப் போனால் வெளியே நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். "இவங்கள்லாம் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா, வீட்ல பார்த்துக்கலாம்" என்பார். கிளினிக்குக்கும் வீட்டுக்கும் இடையில் அந்தப் பல் நிம்மதியாக அழுகிக்கொண்டிருந்தது.

வேறு டாக்டரிடம் போகக் கூடாதா என்று நான் கேட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு லேடி டாக்டர் புதிதாகக் கிளினிக் திறந்திருந்தார். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பல் டாக்டர் பெண்டாட்டி இன்னொரு பல் டாக்டர்கிட்டப் போய் வாயைத் திறந்தால் அவருக்கு என்ன மரியாதை இருக்கும் என்று கேட்டாள். இதுதான் என் அக்கா. கன்னத்துக்குள் கிராம்பை அடக்கிக்கொண்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு, புருஷனின் மரியாதைக்குப் பழுது வராமல் மாதக்கணக்கில் வலியை மென்று தின்றாள். அதுவும் வலது பக்கத்தால்.

பயணத்துக்கு முந்தைய ஜெபக்கூட்டம் அத்தான் வீட்டுக் கூடத்தில் நடந்தது. யார் எந்தப் பெட்டியைத் தூக்குவது, யார் பாடுவது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பரிசு என்றெல்லாம் பேசி முடித்தார்கள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்ற அக்கா, தானும் வருவதாகச் சொன்னாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் வந்ததில்லை. அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலேயே எழுந்து நின்று, தன் மனைவிக்கும் அந்தத் தேசத்தைக் குறித்துப் பாரம் வந்துவிட்டது என்று சாட்சி சொன்னார். அக்காவுக்குக் கன்னத்தில் வந்திருந்த வீக்கத்தை யாரும் கவனிக்கவில்லை.

அவள் திட்டம் என்ன என்று விமானத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் அவள் சால்வையைக் கன்னத்தோடு இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதற்காக இந்த வலியோடு வருகிறாய் என்று கேட்டேன்.

"உங்க அத்தான் அங்க யார் வந்தாலும் பார்க்கறாருல்ல?" என்றாள். "வரிசையில உட்கார்ந்தா போதுமாம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் வலிக்கும்.

அந்த இல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாழ்வான நீளக் கட்டடம், முன்னால் மண் முற்றம், ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. சுவரெல்லாம் வானவில், திமிங்கலம், நோவாவின் பேழை. வருகிற ஒவ்வொரு குழுவும் ஏதாவது வரைந்துவிட்டுத்தான் போகும். அடுத்த குழு அதன்மேல் வெள்ளையடித்துவிட்டுத் தன்னுடையதை வரையும். சுவர் கையளவு தடித்துப் போயிருந்தது. எங்கள் வண்டி நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்து உயர வாரியாக வரிசையில் நின்று, அத்தானைப் பார்த்ததும் ஒருவரும் சொல்லாமலேயே ஒன்றாக வாயைத் திறந்தார்கள்.

அத்தனையும் முத்துப் பற்கள்.

பின்னே இருக்காதா? அத்தான் வருடாவருடம் போகிறார். அவர் போகாத மாதங்களில் வேறு நாட்டுப் பல் டாக்டர்கள் போகிறார்கள். ஒவ்வொருவரும் பிரஷ் கொண்டுபோகிறார்கள். இல்லத்தின் சாமான் அறையில் ஓர் இரும்புப் பெட்டி நிறையப் பிரஷ்கள் இருந்தன. அதில் கொஞ்சத்தை வைத்துப் பிள்ளைகள் செருப்பு துலக்கினார்கள், அரிசிப் பானையின் அடியைத் தேய்த்தார்கள், ஒரு கெட்டிக்காரப் பையன் பூனைக்குத் தலை வாரிவிட்டான். நாங்களும் ஒரு பெட்டி பிரஷ் கொண்டுபோயிருந்தோம்.

பிள்ளைகளில் ஒருத்தியை எனக்கு ஏற்கெனவே தெரியும். எங்கள் சபைக்கே தெரியும். முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கும் அந்தச் சிறுமியின் படம்தான் கிளினிக் சுவரிலும் சபையின் அறிவிப்புப் பலகையிலும் போன வருடம் முழுக்க இருந்தது. பொக்கைச் சிரிப்பு என்று அவளுக்கு நாங்கள் பெயரே வைத்திருந்தோம். அத்தான் ஆசையோடு அவளைக் கூப்பிட்டு, மோவாயைப் பிடித்து, சிரி என்றார். சிரித்தாள். இரண்டு முன்பல்லும் முளைத்திருந்தன. கேமரா மாமா கேமராவைத் தாழ்த்தினார். அத்தான் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது, பாருங்கள், பல் முளைத்ததற்காக வருத்தப்பட்ட பல் டாக்டரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இல்லத் தலைவி ஒரு பருத்த, நிதானமான அம்மாள். சொந்த மொழி வேறு. எங்கள் மொழியை வந்து போகும் ஊழியக் குழுக்களிடமிருந்தே கற்றுக்கொண்டவர். அதனால் ஜெபத்தில் வரும் சொற்கள் மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதை வைத்தே குடும்பம் நடத்தினார். வந்து இறங்கியதும் அத்தானிடம் அவர் கைகூப்பிச் சொன்னது எனக்கு மறக்கவே மறக்காது.

"சகோதரரே, கழிப்பறைக் கதவு நித்திய இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தது. பெண் பிள்ளைகள் வெட்கத்துக்கு உள்ளாகிறார்கள். அதை எழுப்பும்."

அத்தான் உருகிப்போனார். இந்த மக்களுடைய விசுவாசத்தைப் பாருங்கள் என்று எங்களிடம் சொன்னார். கதவுக்காக அங்கேயே நின்று ஜெபித்தார். ஆமென் சொன்ன பிறகும் கதவு சுவரில் சாய்த்து வைத்தபடியே இருந்தது. பிறகு நாங்கள் பாட்டுப் பாடப் போய்விட்டோம்.

அந்தக் கழிப்பறைக்கு முதலில் போனது அக்காதான். பொக்கைச் சிரிப்புக்காரி கூடவே வந்து, தன் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வாசலில் திரைபோல முதுகைக் காட்டி நின்றாளாம். தினமும் பெண் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இப்படித்தான் நிற்கிறார்களாம். அக்கா திரும்பி வந்து என் கையிலிருந்த ஆட்டுக்குட்டியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"எழுந்திரு. கீல் வாங்கணும்" என்றாள்.

தெருமுனையில் இரும்புக்கடை, அதற்கு எதிரில் ஒரு தச்சர். சைகையிலேயே பேசிக் கூட்டி வந்தோம். இரண்டு பாட்டுக்கு நடுவில் கதவு எழுந்து நின்றது, உள்தாழ்ப்பாளோடு. தச்சரிடம் முன்பே ஏன் வரவில்லை என்று இல்லத் தலைவி மூலம் கேட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் படம் வரைகிறார்கள், இதையும் அவர்களே செய்வார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். ஏன் நீங்களே தச்சரிடம் சொல்லக் கூடாது என்று இல்லத் தலைவியைக் கேட்டேன். கையிருப்பெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறாகவும் பள்ளிக்கூடமாகவும் போய்விடுகிறது, கதவுக்குக் கேட்டால் பிரஷ் வருகிறது என்ற பொருளில் ஏதோ வேதமொழியில் சொன்னார். அப்படியானால் எங்களை மாதிரி ஆட்களை எதற்காக வரவிடுகிறீர்கள் என்று அக்கா கேட்டாள். அவர் யோசித்தார்.

"நீங்கள் நடனமாடும்போது பிள்ளைகளுக்கு மகா சந்தோஷம் உண்டாகிறது" என்றார். "இப்படி ஆடுகிறவர்கள் இத்தேசத்தில் இல்லை."

முற்றத்தில் எங்கள் குழுவினர் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மறுநாள் பல் முகாம். மரத்தடியில் ஒரு சாய்வு நாற்காலி, பெட்டிக்குள் அடங்கும் டிரில், கொதிக்கவைத்த கருவிகள், அத்தான் தலையில் விளக்கு. பிள்ளைகளோடு அக்கம்பக்கத்துப் பெரியவர்களும் வந்து வரிசையாகப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாசகரே, அத்தானை அந்த மரத்தடியில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கிளினிக்கில் "வாயை நல்லா திறங்க, இன்னும், இன்னும், ஆட்டாதீங்க" என்று அதட்டுகிற மனிதர் இவர்தானா? வீட்டில் சட்டைப் பொத்தான் காணோம் என்று கூரை பறக்கக் கத்துகிற மனிதர் இவர்தானா? குரல் வெண்ணெய். கை பஞ்சு. ஒரு கிழவரின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அவர் பயம் தெளிகிறவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அது நடிப்பில்லை. அங்கே அவர் உண்மையிலேயே அப்படிப்பட்ட மனிதராகிவிடுகிறார். எனக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது.

அக்கா சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக எழுந்து போகப் போக, அவளும் ஒவ்வோர் இடமாக நகர்ந்தாள். முறை வந்ததும் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். அத்தான் கருவித் தட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினார். இந்த இனத்தார் முகத்தை அதிகம் பார்ப்பதில்லை. நேரே வாய்க்குள் விளக்கடித்தார்.

ஊரில் பாதிப் பேரை அவர் பல்லை வைத்தே அடையாளம் சொல்வார். இந்தப் பல்லை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பார்த்திருந்தால்தானே தெரியும்.

"ஐயோ பாவம்" என்றார். "எவ்வளவு வீங்கியிருக்கு. பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்." பிறகு இல்லத் தலைவியிடம் திரும்பி, எவ்வளவு நாளாக வலி என்று கேட்டுச் சொல்லும்படி சொன்னார்.

மொழிபெயர்க்க அவசியமே இல்லாமல் நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

"ஏழெட்டு மாசமா இருக்குதுங்க."

அத்தான் கை அப்படியே நின்றது. விளக்கு மட்டும் வாய்க்குள்ளேயே இருந்தது. அதை மேலே தூக்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன். பழக்கதோஷத்தில் அடுத்த கேள்வியும் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"யாரும்... பார்க்கலையா?"

"டாக்டருக்கு நேரம் இல்லீங்க" என்றாள் அக்கா. "ரொம்பத் தூரத்துல இருக்கற பிள்ளைங்களைப் பார்க்கணும்."

பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லத் தலைவிக்குப் புரிந்துவிட்டது. அவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார். தூரத்தில் நின்ற கேமரா மாமாவுக்கு அது யார் என்றே தெரியவில்லை. சால்வை, வீங்கிய கன்னம், மரத்தடி நிழல், மோவாயைத் தாங்கிய டாக்டரின் கை, அவ்வளவும் ஒரே சட்டத்துக்குள் அழகாக வந்திருக்கிறது என்று நினைத்து அவர் படம் எடுத்துத் தள்ளினார்.

அத்தான் மரத்துப்போக ஊசி போட்டார். பல்லைத் திறந்து சீழை வெளியேற்றி, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்தார். வேலை சுத்தமாக இருந்தது; அதில் குறை சொல்ல முடியாது. நடுவில் அக்கா கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. வலிக்குதா என்று கேட்டார். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். அவர் சட்டைக் கையாலேயே அதைத் துடைத்துவிட்டார். மீதி வேலையை ஊருக்குப் போய் முடிக்கணும் என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஞ்சைத் துப்பிவிட்டு, "அவர் குரலைக் கேட்டியா?" என்றாள். "கல்யாணமான புதுசுல அப்படித்தான்டா பேசுவார். எங்கயோ போயிடுச்சுன்னு நினைச்சேன். இங்கதான் வச்சிருக்கார்."

ஊர் திரும்பினோம். மீதி வேலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வந்த களைப்பு, பிறகு சேர்ந்துபோன நோயாளிகள், பிறகு ஞாயிற்றுக்கிழமை நன்றியறிதல் ஆராதனைக்கான ஆயத்தம். இனம் இனம்தான்.

அந்த ஆராதனையில் வெள்ளைத் திரையில் படங்கள் ஓடின. அவற்றை அடுக்கியது கேமரா மாமா. அத்தான் முன்கூட்டிப் பார்க்கவில்லை. வானவில் சுவர், பிரஷ் பெட்டி, என் ஆட்டுக்குட்டி எல்லாம் ஓடின. ஒவ்வொன்றுக்கும் அத்தான் ஒரு வாக்கியம் சொன்னார். பேச்சு சூடுபிடித்து நாக்கு தானாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அடுத்த படம் வந்தது. சால்வையில் பாதி முகம் மறைந்த ஒரு பெண். கன்னம் வீங்கி, கண் மூடி, கண்ணோரம் ஈரம். மோவாயைத் தாங்கியிருக்கும் டாக்டர் கை.

"இந்தச் சகோதரி மாசக்கணக்கா வேதனையில இருந்தாங்க" என்றது அத்தானின் நாக்கு. "அவங்களைப் பார்க்க ஒரு டாக்டர் இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் படத்தைப் பார்த்தார்.

சபை முழுவதும் உச்சுக்கொட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். பாஸ்டர் உருக்கமாக எழுந்து, முகம் தெரியாத அந்த ஏழைச் சகோதரிக்காக எல்லோரும் கண்களை மூடி ஒரு நிமிடம் ஜெபிப்போம் என்றார். எல்லோரும் மூடினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஏழைச் சகோதரியும் கண்ணை மூடித் தனக்காக ஜெபித்துக்கொண்டாள். நான் மூடவில்லை. மேடையில் இருந்தவரும் மூடவில்லை. அவர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமென் வந்தபோது அவர் மட்டும் சொல்லவில்லை.

வாசலில் கைக்குட்டை அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறதாம் என்று கேட்டார்.

"பரவாயில்லையாம்" என்றாள் அக்கா. "நாளைக்கு வேற டாக்டர்கிட்டப் போறாங்களாம்."

போனாள். மறுநாளே, பட்டப்பகலில், முக்காடு போடாமல், இரண்டு தெரு தாண்டி, அந்த லேடி டாக்டரின் கிளினிக்குக்கு நடந்து போய் வேர் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிட்டது. அடுத்த சில நாள்கள் அத்தானின் கிளினிக்கில் நாற்காலியில் சாய்ந்தவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்டார்கள். உங்க வீட்டம்மா அங்க போறாங்களாமே, ஏன்? இப்போது பதில் சொல்ல வாய் வராமல் நின்றது டாக்டர்.

அடுத்தமுறை அக்கா சிகிச்சைக்குப் போனபோது நான் துணைக்குப் போகலாம் என்று வந்தேன். ஆனால் அத்தான் தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கிளம்பி நின்றார். எங்கே என்று அக்காவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவரும் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். காத்திருக்கும் அறையில் அத்தானின் பழைய நோயாளிகளே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தார். தன் கிளினிக் கதவுக்கு வெளியே அப்படி ஒரு நாற்காலியில் இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. உள்ளே டிரில் சத்தம் கேட்டதும் பைக் கைப்பிடியை முறுக்கினார். கம்பவுண்டர் பெண் வெளியே வந்து, உள்ளே இருக்கிறவங்களோட வந்த ஆள் யார் என்று கேட்டாள்.

அத்தான் எழுந்து நின்றார். தானும் ஒரு டாக்டர் என்று அவர் சொல்லவில்லை. பாரத்தையும் சொல்லவில்லை.

"நான்தாம்மா, வீட்டுக்காரர்" என்றார். "அவங்களுக்கு ரொம்ப வலிக்குதா?"

மரத்தடியில் கேட்ட குரல். கடல் தாண்டாமல் கிடைத்தது. உள்ளே அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். கதவு பாதிதான் சாத்தியிருந்தது.

இதோடு அவர் திருந்தி, இனம் மாறி, வரைபடத்தைக் கழற்றிவிட்டார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. அடுத்த வருடமும் போனார். பிரஷ் கொண்டுபோகவில்லை, இல்லத் தலைவியிடம் தொலைபேசியில் கேட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடியும் குழாயும் வாங்கப் போனார். ஆனால் சுவரில் ஒரு திமிங்கலம் வரைந்துவிட்டுத்தான் வந்தார். சட்டைப் பொத்தானுக்கு இன்னும் கத்துகிறார். பாதியில் நிறுத்திக்கொள்கிறார் என்று அக்கா சொல்கிறாள். அவளுக்கு அது போதுமாம். எனக்குப் போதாது, ஆனால் அவர் என் கணவர் இல்லை.

வாசகரே, இவ்வளவு நேரம் நீங்கள் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து, இந்த இனத்தைச் சேர்ந்த நாலு பேரை மனதில் நிறுத்திச் சிரித்தீர்கள். தெரியும். எனக்குக் கடவுச்சீட்டே கிடையாது, நான் எப்படி இதில் சேருவேன் என்றும் கேட்பீர்கள். கடலைத் தாண்டித்தான் அக்கரைக்குப் போக வேண்டும் என்பதில்லை. நடுவில் ஒருமுறை "ஐயோ பாவம் அந்த அக்கா" என்று நினைத்தீர்களே, கண்ணோரம்கூட லேசாக நனைந்ததே, அவள் யார்? நான் கட்டிவிட்ட கதைக்குள் இருக்கிறவள். உங்களிடமிருந்து அதைவிடத் தூரமான இடம் எது? நீங்கள் அவளுக்காக நெகிழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் உங்கள் வீட்டு உள்ளறையிலிருந்து யாரோ இரண்டு முறை கூப்பிட்டார்கள். என்னவென்று போய்க் கேளுங்கள். அந்த மரத்தடிக் குரலை இங்கேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.